அவளுக்கு இது 1977

தோழா!

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்த ஏட்டைக் கையில் எடுத்ததும் நீ முதலில் படிப்பது எதை? தலைப்புச் செய்தியை என்பாய். நான் ஒப்ப மாட்டேன். ஏட்டின் உச்சியிலே பொடி எழுத்தில் நாளும் கிழமையும் ஆண்டும் அச்சிட்டிருக்கிறார்களே, உன்னை அறியாமலேயே உன் கண் அதைத் தொட்டுவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. படித்ததாகக்கூட நினைவிருக்காது. மூச்சு விடுவதைப் போல நடந்துவிடும் செயல் அது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால், கீழே இருக்கும் செய்தி நேற்றையதா, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தையதா என்று யார் சொல்ல முடியும்?

அந்த ஒரு வரி அழிந்துபோன ஏட்டைப் போல என் வீட்டிலே ஒருத்தி இருக்கிறாள். என் அப்பாயி, என் தந்தையைப் பெற்றவள். வயது எண்பதைக் கடந்துவிட்டது. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூர், ஓட்டு வீடு, திண்ணை, வாசலிலே ஒரு வேம்பு. பகலெல்லாம் அமைதியாக இருப்பாள். பொழுது சாயும், வேம்பின் நிழல் நீண்டு திண்ணையைத் தொடும், அப்போது எழுந்திருப்பாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள். என்னைக் கண்டால் நின்று, "அண்ணே! உங்க மாப்பிள்ளை இன்னும் வரலையே. காத்து வேற ஏறிக்கிட்டே போகுதே!" என்பாள்.

அண்ணே என்று அவள் அழைப்பது என்னைத்தான். பெயரன் நான். அவளுடைய மூத்த தமையனின் முகச்சாயல் எனக்கு உண்டு என்று சிறு வயதிலிருந்தே சொல்வார்கள். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அவள் தேடும் மாப்பிள்ளையோ, என் பாட்டனார். அவர் மறைந்தது 1994-இல்.

மேடைகளிலே நான் பேசிக் கேட்டிருக்கிறாய். சான்று கொடு, சான்று கொடு என்று எதிரியைத் துரத்துவது என் வழக்கம். புள்ளிவிவரம் இல்லாமல் வாய் திறப்பதில்லை. உண்மையை உண்மையென்று உரைக்க அஞ்சியதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் வீட்டுக்கும் போனேன். வீட்டிலே எதிரி இல்லை, எண்பது வயது மூதாட்டி இருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாள் சொன்னேன்: "அப்பாயி, தாத்தா செத்துப் போய் முப்பது வருசம் ஆச்சு." நம்பவில்லை. நாட்காட்டியைக் காட்டினேன், எழுத்தறியாதவள், தாளைத் தடவிப் பார்த்தாள். கைப்பேசியின் கடிகாரத்தைக் காட்டினேன். கடைசியில், கூடத்திலே மாலையிட்டு மாட்டியிருந்த படத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினேன். அசைக்க முடியாத சான்று அல்லவா? பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மார்பிலே அடித்துக்கொண்டு அவள் அழுத அழுகை, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சாவுக்கு அழுத அழுகை அன்று. அந்த நொடியிலே தாலி இழந்தவளின் அழுகை. "எங்கிட்ட யாருமே சொல்லலையே! என்னைக் கூப்பிடாமலே தூக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வாதத்திலே வென்றேன், தோழா! மறுநாள் மாலை, நடந்தது எதுவும் அவள் நினைவில் இல்லை. அதே கேள்வி. நானும் அதே விடை. அதே அழுகை. பன்னிரண்டு நாட்கள் அந்த ஊரிலே தங்கியிருந்தேன். பன்னிரண்டு நாட்களில் பன்னிரண்டு முறை அவளை நான் கைம்பெண்ணாக்கினேன்.

உண்மை சுடும் என்பார்கள். சுட்டுப் பயன் என்ன? உண்மையைச் சொல்வது கேட்பவர் அதை வைத்துக்கொண்டு ஏதேனும் செய்வதற்காக. அவளால் அதை வைத்துக்கொள்ளவே முடியவில்லை. வைத்துக்கொள்ளும் பெட்டியே உடைந்து கிடக்கிறது. நானோ திரும்பத் திரும்ப உள்ளே கொட்டிக்கொண்டிருந்தேன்.

மருத்துவ நூல்கள் சொல்வதை எனக்குப் புரிந்த அளவிலே சொல்கிறேன். கல்லூரியைப் பாதியிலே விட்டவன். பிழை இருந்தால் மருத்துவத் தோழர்கள் திருத்துக. மறதி நோய் — டிமென்ஷியா — ஒரே நோயின் பெயரன்று. பல நோய்கள் கொண்டுவந்து விடும் ஒரு நிலை. அவற்றுள் மிகுதியானது அல்சைமர் நோய். நூற்றுக்கு அறுபது, எழுபது பேருக்கு அதுவே காரணம். மூளைக்குள்ளே ஹிப்போகாம்பஸ் என்றொரு சிறு பகுதி உண்டு. அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளை என்று அதை வைத்துக்கொள். அன்றன்றைய வரவு செலவைக் குறிப்பேட்டிலே எழுதி, பிறகு பேரேட்டில் ஏறும்படி செய்பவன் அவன். நோய் முதலில் படுக்கவைப்பது பெரும்பாலும் அவனைத்தான். இன்று காலை நடந்தது எழுதப்படவே இல்லை. ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பேரேடுகள் உள்ளறையிலே நெடுநாள் அழியாமல் கிடக்கின்றன. கையில் இருக்கும் ஏட்டைத்தானே புரட்ட முடியும்? புரட்டுகிறாள். அதிலே 1977 என்று இருக்கிறது. அவளுக்கு இது 1977.

இந்த நோய்க்குப் பெயர் வந்த கதையிலும் ஒரு பெண் இருக்கிறாள், ஓர் ஆண்டும் இருக்கிறது. 1901 நவம்பர். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு அகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் அழைத்துவரப்பட்டாள். இரயில்வே எழுத்தர் ஒருவரின் மனைவி. அலோயிஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவள் எதிரே அமர்ந்து கேள்வி கேட்டார். கேள்வியையும் விடையையும் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தார். கணவர் பெயர் என்ன என்றதற்கு அவள் தன் பெயரையே சொன்னாள். இது எந்த ஆண்டு என்றதற்கு ஆயிரத்து எண்ணூறு என்றாள். 1906 ஏப்ரலில் அவள் இறந்தாள். அதே ஆண்டு நவம்பரிலே டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்களிடம், அவளுடைய மூளையில் தாம் கண்டவற்றை அல்சைமர் எடுத்துரைத்தார். பெயர் மருத்துவருக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணின் கோப்பு காணாமற்போய், 1995-இலேதான் மீண்டும் கிடைத்தது.

எந்த ஆண்டு என்ற கேள்வியை மருத்துவ உலகம் அன்றோடு விடவில்லை. 1975-இல் அமெரிக்காவிலே வகுக்கப்பட்டு உலகமெங்கும் பரவிய நினைவாற்றல் சோதனை ஒன்றுண்டு, முப்பது மதிப்பெண். அதன் தொடக்கமே ஆண்டு, பருவம், தேதி, கிழமை, மாதம்தான். ஐந்து மதிப்பெண் அதற்கே. தேர்வு என்றாலே ஆகாதவன் நான் என்பதால் சொல்லவில்லை — அப்பாயிக்கு நோய் இல்லாத நாளிலும் அந்த ஐந்திலே இரண்டுதான் கிடைத்திருக்கும்! ஆங்கிலத் தேதியைக் கொண்டு அவள் வாழ்ந்ததே இல்லை. "குறுவை அறுத்த மறுவாரம்", "உங்கப்பன் பொறந்து நாலாம் மாசம்", "புயலடிச்ச ஐப்பசி" — இவைதாம் அவள் நாட்காட்டி. எழுத்தறியாத உழவர் வீட்டு முதியோருக்கு ஏட்டுத் தேர்வு பொருந்தாது என்பதை உணர்ந்துதான், 1990-களில் அரியானாவின் பல்லப்கர் சிற்றூர்களில் ஆய்வு செய்தவர்கள் அந்தச் சோதனையை மாற்றி அமைத்தார்கள். நல்ல மருத்துவர் இதை அறிவார்.

உண்மை தோற்றதும் நான் என்ன செய்தேன்? நாடகக்காரன் அல்லவா, பொய்க்குப் போனேன்! பதின்மூன்றாம் நாள் மாலை, "இதோ வந்துட்டே இருக்காரு, ஆத்துப்பாலம் தாண்டிட்டாராம்" என்றேன். முகம் மலர்ந்தது, எனக்கும் பெருமை. அவளோ தெருவாசலுக்குப் போய்விட்டாள். உட்கார மறுத்தாள், உண்ண மறுத்தாள். பனியிலே, இரவு பதினொரு மணி வரை, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். வருகிறார் என்று சொன்னவன் நானல்லவா, வராதது எப்படி? உண்மை அழவைத்தது என்றால், பொய் நிற்கவைத்துக் கொன்றது.

ஐந்நூறு பேர் அமர்ந்த கொட்டகையிலே, அட்டைக் கிரீடமும் சாயத் திரையும் கொண்டு, இது கரிகாலன் காலம் என்று நம்பவைத்தவன் நான். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் பின்னே போக எனக்கு இரண்டு நிமிட மணியோசை போதும். என் வீட்டிலே ஒருத்தி, வெறும் ஐம்பது ஆண்டுகளுக்கு அப்பால் தன்னந்தனியே நிற்கிறாள். அவளிடம் போய்ச் சேர எனக்கு வழி தெரியவில்லை.

வழி தெரிந்தவள் அடுப்படியிலே இருந்தாள். என் தாய்.

மறுநாள் அந்தியிலே அப்பாயி எழுந்து கேள்வியைக் கேட்டதும், அம்மா இல்லை என்றும் சொல்லவில்லை, வருகிறார் என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த முறத்தைக் கொண்டுபோய் மாமியார் பக்கத்திலே வைத்து, "வண்டி கட்டிக்கிட்டுப் போனவங்களை நினைச்சா பயமாத்தான் இருக்கும், அத்தை. எந்த மாட்டைப் பூட்டிக்கிட்டுப் போனாங்க?" என்றாள்.

அவ்வளவுதான். அப்பாயி உட்கார்ந்தாள். மயிலைக் காளை, அதன் கொம்பு, அதை வாங்கிய சந்தை, கொடுத்த விலை, வண்டியின் மூட்டைக் கணக்கு — வெளியே வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்தக் கதையே தெரியும். 1977 நவம்பர் 12. நாகப்பட்டினத்துக் கரையிலே புயல் ஏறிய நாள். பழைய தஞ்சை மாவட்டத்தையே உருக்குலைத்த நாள். குறுவை நெல்லை ஏற்றிக்கொண்டு மன்னார்குடி அரவை ஆலைக்குப் போன பாட்டனார் இரண்டு இரவு வரவில்லை. அப்பாயிக்கு அப்போது முப்பத்தாறு வயதிருக்கும். கூரை பறந்த வீட்டிலே, மூன்று பிள்ளைகளைத் தொம்பைக்குப் பின்னே ஒளித்துவைத்துவிட்டு, அரிக்கன் விளக்கோடு வாசலிலே நின்றிருக்கிறாள். மூன்றாம் நாள் காலையிலே வண்டி இல்லாமல், ஒரே ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்து வந்திருக்கிறார்.

அவர் வந்த காலை அவளுக்கு நினைவில்லை. நின்ற இரவு மட்டும் நிற்கிறது!

ஆகவே தோழா, அவள் கேட்டது தேதியை அன்று. நானோ தேதியைக் கொண்டு விடை சொன்னேன். பயப்படுகிறேன் என்று ஒருத்தி சொன்னால், இது 1977 அன்று என்று மறுமொழி உரைக்கும் மடையனை நீ எங்கேனும் கண்டதுண்டா? கண்ணாடியிலே கண்டேன் நான்.

இதைப் பற்றி உலகிலே நெடிய வாதம் நடந்திருக்கிறது. 1960-களில் அமெரிக்காவிலே ஜேம்ஸ் ஃபோல்சம் என்ற மருத்துவர், முதியோர் விடுதிகளிலே பெரிய பலகை வைத்து, இன்று இன்ன கிழமை, வெளியே மழை, அடுத்த வேளை பகலுணவு என்று எழுதி, ஓயாமல் நினைவூட்டும் முறையைப் பரப்பினார். நோயின் தொடக்கத்திலே சிலருக்கு அது கைகொடுக்கிறது; ஏளனம் செய்ய மாட்டேன். நோய் முற்றியவரிடம் அதைக் கட்டாயமாக்கினால், என் பன்னிரண்டு நாள் கதைதான். அதைக் கண்டு வேறு வழி வகுத்தவர் நவோமி ஃபைல். மூனிச் நகரில் 1932-இல் பிறந்து, அமெரிக்காவிலே தம் தந்தை நடத்திய முதியோர் இல்லத்திலேயே வளர்ந்தவர். திருத்தாதே, ஏய்க்காதே, அவர் நிற்கும் காலத்திலே போய் நின்று அவர் உணர்வுக்கு விடை கொடு என்பதே அவர் நூல் எழுதிப் பரப்பிய முறையின் சாரம். அந்த முறை நோயைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுகளிலே போதிய சான்று கிடைக்கவில்லை. சான்று கேட்டே பழகிய நான் அதை உன்னிடம் மறைக்கலாகாது. நோயை அது குறைக்கவில்லை. எங்கள் வீட்டிலே அழுகையைக் குறைத்தது.

ஜெர்மனியிலே டூசல்டார்ஃப் நகரின் பென்ராத் முதியோர் இல்லத்தார், வாசலிலே ஒரு பேருந்து நிறுத்தத்தை நாட்டினார்கள். பெயர்ப்பலகை உண்டு, இருக்கை உண்டு, பேருந்து மட்டும் வராது! பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், வீட்டுக்குப் போகவேண்டும் என்று பதறிப் புறப்படும் முதியோர் அங்கே வந்து அமர்வார்கள், பணியாளர் ஒருவர் வந்து பக்கத்திலே அமர்வார், பேச்சு நடக்கும், பதற்றம் தணியும், உள்ளே அழைத்துப் போவார். ஏமாற்று வேலை என்று சிலர் சினந்தார்கள். பலகை ஏமாற்றுத்தான். பக்கத்திலே வந்து அமர்ந்த ஆள் ஏமாற்று அன்று.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூப்பு வந்தால் மறதி வரும் என்று வாளாவிருந்துவிடாதே. தைராய்டுக் குறையாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இத்தகைய தடுமாற்றம் வரும். அவை மருந்துக்குக் கட்டுப்படுபவை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளிலே திடீரெனக் காலம் குழம்பினால், அது பெரும்பாலும் வேறு செய்தி: சிறுநீர்த் தொற்று, நீர் வறட்சி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோ. அந்தி வேளையிலே கலக்கம் கூடுவது பலரிடமும் காண்பது. விளக்கைப் பொழுதோடு ஏற்று, நிழல் விழும் மூலையை விட்டுவைக்காதே, பகலிலே வெயில் முகத்திலே படட்டும், வேளை தவறாமல் சோறு போடு. எங்கள் வீட்டிலே மேகம் கறுத்துக் காற்று கிளம்பினால் அம்மா நான்கு மணிக்கே சன்னலை அடைத்து விளக்கைப் போட்டுவிடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இனி, நான் எழுத வந்ததற்கு வருகிறேன். எழுதக் கூசுவதும் இதுதான்.

உலகிலே மறதி நோயோடு வாழ்வோர் 2021-இல் 5 கோடியே 70 இலட்சம் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. நம் நாட்டிலே அறுபது வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர் என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது; அவர்களிலும் ஆண்களைவிடப் பெண்கள் மிகுதி, நகரத்தைவிடச் சிற்றூர் மிகுதி. இவர்களைப் பார்த்துக்கொள்வது யார்? அதே உலக அமைப்பு சொல்கிறது: பராமரிப்புக்குச் செலவாகும் மணிக்கணக்கில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களுடையது.

நூற்றுக்கு எழுபது! எங்கள் வீட்டிலே நூற்றுக்கு நூறு. இரண்டு ஆண்டுகளாக என் தாய் ஓர் இரவு முழுதும் உறங்கியதில்லை. கும்பகோணத்திலே இருக்கும் அவள் தங்கையின் மகளுக்குத் திருமணம், போகவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளிலே அவள் மகன் என்ன செய்துகொண்டிருந்தான்? பெண்ணுரிமையைப் பற்றி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தான்! கைதட்டலும் வாங்கினான். பன்னிரண்டு நாள் விருந்தாளியாக வந்து, அவள் அரும்பாடுபட்டு அமைதிப்படுத்தி வைத்திருந்த மூதாட்டியைச் சான்று காட்டி அழவைத்துவிட்டுப் போக இருந்தான்.

தோழா, உன் தெருவிலே எந்த வீட்டிலே எத்தனை வாக்கு என்பது உனக்குத் தெரியும். பாகம் எண், வரிசை எண், யார் வெளியூர், யார் நம் பக்கம், யார் ஊசலாட்டம் — உறக்கத்திலே எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். எந்த வீட்டிலே ஒரு முதியவர் அந்தியானால் எழுந்து வாசலுக்கு நடக்கிறார், எந்த மருமகள் இரவெல்லாம் தாழ்ப்பாளைக் காவல் காக்கிறாள் என்பது தெரியுமா? பட்டியலை எடு. எண்பது வயது கடந்தவர்களைக் குறி. வாக்குக் கேட்க அன்று. மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை, முறைவைத்து, திண்ணையிலே போய் உட்கார. அந்த இரண்டு மணி நேரம் அவ்வீட்டுப் பெண் குளிக்கலாம், கடைக்குப் போகலாம், ஒன்றும் செய்யாமல் படுத்தும் கிடக்கலாம்.

அரசு செய்ய வேண்டியது வேறு. அதை விட்டுக்கொடுக்கவும் நான் சொல்லவில்லை. முதியோர் நலத்துக்கென்றே தேசியத் திட்டம் 2010-இல் வந்தது. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வாசற்படி ஏறியது. அந்த வாசற்படியிலே நினைவைப் பற்றியும் கேட்கப்பட வேண்டும். பகலிலே கொண்டுபோய் விட்டு மாலையிலே அழைத்துவரும் பராமரிப்பு நிலையம், பெருநகரத்திலே பணம் படைத்தோர்க்கு மட்டும் என்றிராமல், வட்டத் தலைநகர்தோறும் வேண்டும். மறதி நோயாளருக்காக நாட்டளவிலே எழுந்த முதல் சங்கம் 1992-இல் டெல்லியிலா தோன்றியது? கேரளத்தின் குன்னங்குளம் என்ற சிறு நகரத்திலே! சிறு ஊரால் முடியும்.

சென்ற மாதம் ஒன்றியச் செயலாளரிடம் சொல்லிவிட்டு மூன்று கூட்டங்களைத் தவிர்த்தேன். அம்மாவை எட்டு நாளைக்குக் கும்பகோணம் அனுப்பிவிட்டு நான் இருந்தேன். எல்லாம் நன்றாக நடந்தது என்று சொன்னால் அது மேடைப் பேச்சு. இரண்டாம் நாள் என்னைத் திருடன் என்று கூவினாள். அண்டை வீட்டார் ஓடி வந்தார்கள். நான்காம் நாள் எதைச் சொல்லியும் அழுகை நிற்கவில்லை. காரணம் இறுதிவரை தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் நாள் மாலை மேகம் கறுத்தது. வேம்பு அசைந்தது. எழுந்து வந்தாள்.

"அண்ணே, உங்க மாப்பிள்ளை இன்னும் வரலையே."

"பெருங்காத்துதான். நீ ராத்திரியெல்லாம் விளக்கோட நின்னே, இல்ல?" என்றேன்.

"ஆமாண்ணே."

"மூணாம் நாள் காலையில மாட்டைப் பிடிச்சுக்கிட்டு அவரு வந்து சேர்ந்தாரே, தங்கச்சி. ஒரு காயமும் இல்லாம வந்தாரே."

என்னை உற்றுப் பார்த்தாள். நான் சொன்னதிலே பொய் ஒன்றுமில்லை. நெடுநேரம் கழித்து, "மயிலையா வந்துச்சு?" என்றாள்.

எந்தக் காளை தப்பியது என்று எனக்குத் தெரியாது. "நீயே சொல்லு" என்றேன்.

"மயிலைதான்" என்றாள். உள்ளே போனாள். தட்டு ஒன்றை மூடி வைத்திருந்தாள். மாலையிலே அவள் குறைச் சோறு உண்டதன் காரணம் அப்போது விளங்கியது. அதைக் கொண்டுவந்து என் முன்னே வைத்து, "நீங்க சாப்பிடுங்கண்ணே, அவருக்கு அப்புறம் வடிச்சுக்கலாம்" என்றாள்.

ஆறிய சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. உண்டேன். எட்டரை மணிக்கு அம்மா தொலைபேசியிலே அழைத்து, சன்னலைச் சாத்தினாயா என்று கேட்டாள்.